ஆறாவது குப்பி

செவ்வாய்க்கிழமை முட்டை உடைக்கும் நாள்.

முதல் நாளே கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து வைத்த முட்டைகளை அவள் ஒவ்வொன்றாக உடைத்துக் குடுவையில் ஊற்றினாள். பக்கத்து மேசையில் ஆம்லெட் அதை அடித்துக் கலக்கி, உப்புக் கரைசலும் பச்சைச் சாயமும் சேர்த்தார். ஆம்லெட் என்பது லேபில் அவருக்கு வைத்த பெயர். சேர்ந்த காலத்திலிருந்து அவர்தான் முட்டை அடிக்கிறார். வீட்டில் முட்டை தொடுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

கலவையைச் சின்னக் குப்பிகளில் ஊற்றிச் சாய்த்துவைத்துச் சூடாக்கினால் பச்சையாக உறையும். அதன்மேல் நோயாளியின் சளியைத் தடவி, கதகதப்பான அலமாரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சளியில் காசநோய்க் கிருமி இருந்தால் சில வாரங்களில் ரொட்டித் தூள் மாதிரி முளைக்கும். மெதுவாக வளரும் கிருமி. அதட்டினாலும் கெஞ்சினாலும் அதற்கு ஒன்றுதான். சில குப்பிகளில் மருந்தையும் கலந்திருப்பார்கள். மருந்து கலந்த குப்பியில் ஒன்றும் முளைக்காவிட்டால் அந்த மருந்து அந்த ஆளுக்கு வேலை செய்யும். முளைத்துவிட்டால் செய்யாது.

நடுத்தட்டில் இருந்த ஆறு குப்பிகள் அவளுடைய தம்பியின் சளி போட்டவை. முதலாவதில் மருந்து இல்லை. அதில் கிருமி மண்டிக் கிடந்தது. அடுத்த நான்கில் நான்கு மருந்துகள், நான்கிலும் முளைத்துவிட்டது. கடைசி மருந்து கலந்த ஆறாவது மட்டும் போன வாரம் வரை வழவழவென்று பச்சையாக இருந்தது.

"அது ஒண்ணு நின்னா போதும்" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். "அதைத் தூணா வச்சு, மத்ததை முட்டுக்கொடுத்துப் பாக்கலாம். அதுவும் போச்சுன்னா எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

பெரிய டாக்டர் ஆறுதலுக்காக எதையும் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் அவள் முதல் பாதியை நம்பினாள்.

முந்தின நாள் சாயங்காலம் தம்பியின் மனைவி போன் செய்திருந்தாள்.

"அண்ணி, பாப்பாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மூணு வாரம் இருக்கும். அவர்கிட்ட சொல்லல. வெறும் சளியாத்தானே இருக்கும்?"

"நாளைக்குக் கூட்டிட்டு வா. பாத்துடலாம்."

"அவருக்கு அந்தக் கடைசி மருந்து இருக்குல்ல அண்ணி. ஒருவேளை இவளுக்கும் அதுவா இருந்தா, அந்த மருந்துக்கே கேட்டுடும்தானே?"

"நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

முட்டை வேலை முடிந்ததும் கையுறையை மாற்றினாள். அலமாரியைத் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"அண்ணே, நீங்க பாருங்க."

ஆம்லெட் கையுறையை மாட்டினார். ஆறாவது குப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சூடு ஏத்தும்போது சில நேரம் குமிழி விழும்" என்றார்.

"குமிழியா?"

"இல்லம்மா."

அவள் வாங்கிப் பார்த்தாள். அடி ஓரத்தில் வெளிர் மஞ்சளாக ஒன்று. ஊசி முனைதான் இருக்கும், சொரசொரவென்று இருந்தது. முதலில் ஒன்றுதான் தெரிந்தது. கண் பழகியதும் மற்றவை தெரிந்தன. மருந்தில்லாத குப்பியில் முளைத்ததில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இதில் முளைத்திருந்தால் மருந்து தோற்றது என்று கணக்கு. எண்ணினாள். பாதியிலேயே கணக்கு தாண்டிவிட்டது. இருந்தாலும் எண்ணி முடித்தாள்.

"நான் எழுதிக்கிறேன்" என்றார் ஆம்லெட். "நீ போய் அவனைப் பாரு."

தம்பி சாவி செய்கிறவன். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கடை. கடவுள் எல்லாவற்றையும் தனித்தனியாக, தன் கையால் படைத்தார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. அவள் லேப் படிப்பு படிக்கப் போய், எல்லா உயிரும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது என்று வீட்டில் வந்து சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அது இல்லாமல் முடிந்ததில்லை.

"தெருவுல ஒரு சாவி கிடக்குது. தானா முளைச்சுதுன்னு சொல்வியா?" என்பான். "எவனோ உக்காந்து ராவியிருக்கான்னுதானே சொல்வே? ஒரு சாவிக்கே ஒருத்தன் வேண்டியிருக்கு. கண்ணு, காது, மூளை இத்தனைக்கும் ஆளே வேண்டாமாம்."

"சாவி குட்டி போடாதுடா."

"தேஞ்ச சாவியைப் பாத்து வெட்டினா தேஞ்ச சாவிதான் வரும். அதைப் பாத்து இன்னொண்ணு வெட்டினா அதைவிட மோசமா வரும். முப்பது வருஷமா வெட்டுறேன். கெட்டுப்போனதுல இருந்து புதுசா ஒரு பூட்டைத் திறக்கிற சாவி வந்து நான் பாத்ததில்ல."

"கோடி சாவி வெட்டிப் பாரு. ஒண்ணு திறக்கும்."

"கோடி வெட்ட உனக்கு ஆயுசு இருக்கா, குரங்குப் பேத்தி?"

"வாயை மூடுடா களிமண்ணு."

"ரெண்டு பேரும் கை காயறதுக்குள்ள சாப்பிட்டு எந்திரிங்க" என்பாள் அவன் மனைவி.

ஒரு தடவை பாப்பா கேட்டாள். "அத்தை, நான் குரங்கா, களிமண்ணா?"

"உங்கப்பா பக்கம் களிமண்ணு, அத்தை பக்கம் குரங்கு."

பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப என் வாலு உடைஞ்சிருக்கும்" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் இருமலில் ரத்தம் வந்தபோது அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். சாதாரணக் காசநோய். ஆறு மாதம் மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது என்று சொன்னாள். சரி என்றான். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, கன்னம் தேறியது. அந்தச் சமயத்தில்தான் அவன் போகிற பிரார்த்தனைக் கூடத்தில் பெரியவர் அவன் தலைமேல் கை வைத்திருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் மனைவி அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி மேடையேறினான். தன் நெஞ்சுக்குள் கடவுள் கைவிட்டு நோயை எடுத்துப் போட்டார் என்றான். மாத்திரை எல்லாம் விட்டாச்சு, மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தவருக்கு இந்த நுரையீரல் எம்மாத்திரம் என்றான். பேசப் பேச அழுதான். ஒரு தடவைகூட இருமவில்லை. ஜனங்களும் அழுதார்கள். கூட்டம் முடிந்ததும் அவனைத் தனியாக இழுத்துப் போய் நாலு வார்த்தை கேட்பது என்று இருந்தாள்.

அவன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான். வெள்ளைக் கைக்குட்டை. துடைத்த இடம் ஆரஞ்சாக இருந்தது.

காசநோய் மாத்திரையில் முக்கியமானது ஒரு சிவப்பு மாத்திரை. அதை விழுங்கினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட. லேபில் இருக்கிறவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. திருட்டுப் பயலே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மாத்திரையை விடவில்லை அவன். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஆம்லெட்டிடம் சொல்லிச் சிரித்தாள். "மேடையில கடவுள், வீட்டுல மாத்திரை."

"எது ஜெயிச்சா என்ன, ஆளு பொழைச்சா சரி" என்றார் அவர்.

எது ஜெயித்தது என்று அவளுக்குத் தெரியும். அதன் பிறகும் சில தடவை கூடத்துக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையைப் பார்த்தாள். ஆரஞ்சு இருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் மறுபடி ரத்தம் வந்தது. இந்தத் தடவை வழக்கமாக முதலில் கொடுக்கிற மருந்து எதற்கும் கேட்கவில்லை. ஊசி போட்டார்கள். ஊசியில் இடது காது போனது. நோய் போகவில்லை. அப்புறம்தான் இந்த ஆறு குப்பிகள்.

அவனுடைய வார்டு மருத்துவமனையின் கடைசிக் கட்டடத்தில், மாடியில். அங்கே ஜன்னல்களை மூடுவதில்லை. அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் ஒரு சின்னப் பூட்டை வைத்து அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தான். வார்டில் யாராவது அலமாரிச் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருந்தார்கள். நாலு இழுப்பு ராவுவான், மூச்சு வாங்குவான், மறுபடி ராவுவான்.

"வா, குரங்குப் பேத்தி" என்றான். குரல் பாதிதான் வந்தது.

அவள் முகமூடியைச் சரிசெய்துகொண்டு வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"முகமூடிக்கு மேலயே மூஞ்சி தெரியுது" என்றான். "முளைச்சிடுச்சா?"

"முளைச்சிடுச்சு."

"ஆறாவதும்?"

"ம்."

அவன் சாவியைப் பூட்டில் நுழைத்துப் பார்த்தான். திரும்பவில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பல்லைப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலக்கா. முதல்ல அந்த மாத்திரைக்குச் செத்துதே. பேண்ட் எல்லாம் இறுக்கமாச்சே. அதே கிருமிதானே. அப்புறம் எப்படி மருந்துக்கு மசியாம போச்சு?"

"நீ தினமும் சாப்பிட்டியா?"

இந்தக் கேள்வியை டாக்டர்கள் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறான். அவள் கேட்டதே இல்லை.

"இல்ல" என்றான்.

"உன் கைக்குட்டையைப் பாத்தேனேடா."

"எந்தக் கைக்குட்டை?"

"கூடத்துல. அழுதுட்டு வந்து கண்ணைத் துடைச்சே. ஆரஞ்சா இருந்துது. ஒரு தடவை இல்ல, போனப்பல்லாம் பாத்தேன்."

அவன் யோசித்தான். பிறகு சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது. மூடி போட்ட டப்பாவை எடுத்துத் துப்பி மூடிவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"கூடம் இருக்கிற அன்னைக்குத்தான் போடுவேன்" என்றான். "காலையில எந்திரிச்சதும். மேல நின்னு பேசும்போது இருமிடக் கூடாதில்ல. கடவுள் குணமாக்கிட்டார்னு சொல்லிட்டு அங்கேயே லொக்குலொக்குன்னா, அவருக்கு எவ்வளவு அசிங்கம்."

"வாரத்துக்கு ஒண்ணா?"

"கூடம் ரெண்டு நாள். விசேஷம்னா மூணு."

"மிச்ச மாத்திரை?"

"கடையில அரத்தூள் டப்பாவுக்குள்ள போட்டு வச்சேன். மாசாமாசம் போய் ஒழுங்கா வாங்கிட்டுத்தான் வந்தேன். வாங்காட்டி வீடு தேடி வந்துடுவாங்க."

கீழே யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்சிருப்பே."

அவன் அரத்தை எடுத்து மறுபடி ராவத் தொடங்கினான்.

"சொல்லு" என்றான். "எப்படி ஆச்சு? வகுப்பு எடுக்கிற மாதிரி வேண்டாம். எனக்குப் புரியிற மாதிரி."

"உன் நெஞ்சுல கோடிக்கணக்குல இருந்துது. எல்லாமே ஒண்ணைப் பாத்து ஒண்ணு வெட்டின சாவி. அதுல எங்கேயோ ஒண்ணு ரெண்டு கொஞ்சம் பிசகி வெட்டினது. மாத்திரை அதுல சரியாப் பிடிக்காது. நீ தினமும் எல்லா மாத்திரையும் சேத்துப் போட்டிருந்தா, ஒண்ணுல தப்பினது இன்னொண்ணுல செத்திருக்கும்."

"நான் ரெண்டு நாள் போட்டேன்."

"நல்லது எல்லாம் செத்துது. பிசகினது பொழைச்சுது. அடுத்த கூடம் வர்ற வரைக்கும் அதுக்கு இடமும் சோறும் தாராளமா இருந்துது. பெருகிக்கிச்சு. மறுபடி ரெண்டு நாள். மறுபடி அதுல தப்பினது. இப்படியே."

"சரி. ஒண்ணுமே போடாம இருந்திருந்தா?"

அவள் முகமூடியின் நாடாவை மறுபடி இறுக்கினாள்.

"சொல்லுக்கா."

"நோய் திரும்பி வந்திருக்கும். பழைய கிருமியாவே வந்திருக்கும். பழைய மாத்திரையே போதுமா இருந்திருக்கும்."

அவன் தலையாட்டினான். நீண்ட நேரம் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப கடவுளையே முழுசா நம்பியிருக்கணும். இல்ல உன்னை முழுசா நம்பியிருக்கணும்."

"அப்படி இல்லடா."

"அப்படித்தான். பெரியவரும் அதையேதான் சொல்லி அனுப்பினார். அவர் இப்ப நேர்ல வர்றதில்ல. என் நம்பிக்கையில எங்கேயோ ஓட்டை இருக்காம்." சாவியை ஊதித் தூளைத் தட்டினான். "அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல. வாரத்துக்கு ரெண்டு ஓட்டை."

அவள் சிரிக்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இதுதான் நீ இத்தனை வருஷமா சொன்னதா? இந்தப் பரிணாமம்?"

"இதுதான்."

"இவ்வளவுதானா? நான் பெருசா நினைச்சேன். வாலு அறுந்து விழற மாதிரி."

"இவ்வளவுதான்."

"இதுல ஒரு ஓட்டை இருக்கு" என்றான். கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது வருகிற வெளிச்சம். "கிருமி கிருமியாத்தானே இருக்கு? ஈயா மாறலையே? அதது அதது வகையில கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னுதான் நானும் சொல்றேன். வகை மாறல. அப்ப யார் சொன்னது சரி?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. பல வருடமாகச் சொல்லி வந்த பதில். காலம் பற்றியது, கோடி கோடி வருடங்கள் பற்றியது. எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினால் அவன் எரிச்சலாவான் என்பதுவரை தெரியும்.

"நீ சொன்னதுதான் சரி" என்றாள்.

அவன் கை நின்றது.

"என்னது?"

"நீதான் ஜெயிச்சே."

"விட்டுக்கொடுக்கிறியா?"

"ஆமா."

அரத்தைப் பூட்டின் பக்கத்தில் வைத்தான். அந்த வெளிச்சம் போய்விட்டது.

"அவ்வளவு சீக்கிரமா?" என்றான்.

அவள் அவனுடைய போர்வையை இழுத்துக் கால்களை மூடினாள். மூடியிருந்த கால்களைத்தான் மூடினாள்.

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வந்து தன் சாவி ஆகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் பிடிக்கவில்லை, சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான் தம்பி. அவசரமில்லை, அலமாரிக்குள் சீப்பும் சோப்பும்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

"டாக்டர் என்ன செய்யப் போறார்?" என்று தம்பி கேட்டான்.

"வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. இங்கேயே வச்சுக்குவாங்க. மூச்சுக்கு, வலிக்கு ஏதாவது கொடுப்பாங்க."

"வீட்டுக்குப் போக நான் கேக்கல. பாப்பா இருக்கா." தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். "மேடையில நின்னு நான் பேசினது பொய் இல்லக்கா. பேசும்போது எனக்கு அப்படித்தான் இருந்துது. அவர் கை உள்ள வந்த மாதிரி. அழுகை நிஜம்."

"தெரியும்."

"ஆரஞ்சுதான் மாத்திரை. அழுகை நிஜம்."

"தெரியும்டா."

ஜன்னலுக்குக் கீழே மருத்துவமனை முற்றம். புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. வாசல் பக்கமிருந்து ஒரு பெண் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். தம்பிக்கு முன்னால் அக்கா பார்த்துவிட்டாள். ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி ஜன்னலை மறைக்கப் பார்த்தாள்.

"நகரு" என்றான் தம்பி. "அது பாப்பாதானே?"

"ஆமா."

"இங்க கூட்டிட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே. என்னைப் பாக்கவா வந்திருக்காங்க?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குச் சீட்டு வரிசையில நிக்கிறாங்க?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். கீழே பாப்பா குனிந்தாள். ஒரு கையால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். சத்தம் மாடி வரை வரவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அவள் அம்மா முதுகைத் தடவிவிட்டாள். இருமல் நின்றதும் பாப்பா நிமிர்ந்து மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பாவைக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினாள்.

தம்பி கையைத் தூக்கினான். பாப்பா வரிசையில் ஒரு அடி முன்னால் போகும் வரை அதை இறக்கவில்லை. பிறகு மடியிலிருந்த பூட்டை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தான். வலது காதை அவள் பக்கம் திருப்பினான்.

"அக்கா, அவளுக்கு ஒட்டியிருந்தா, முதல்ல எனக்கு வந்துதே, அந்த மாதிரி ஒட்டியிருக்குமா? இல்ல இப்ப இருக்கிற மாதிரியா?"